மான்தலை வளையம்: புது விண்மீன்களைப் பிறக்க வைத்தது அயன் வாயுவா?

மார்கழி பிறந்து இரண்டு நாள். மட்டக்களப்பின் படுவான்கரையில் மாமாவின் வட்டை வாடியில், அதாவது வயல் காவல் குடிலில், யானைக் காவலுக்கு இருந்தோம். பல நாளாக விடாமல் பெய்த மழை அன்று மாலைதான் ஓய்ந்திருந்தது. நடுச்சாமத்துக்குச் சற்று முன் முகில் கலைந்து வானம் வெளித்தது. வாடிக்கு வெளியே வந்து அண்ணாந்தால் நேர் உச்சியில் மான்தலை. பஞ்சாங்கம் மிருகசீரிடம் என்று சொல்லும் மூன்று சிறு விண்மீன்கள்.

பைனாகுலரை மாமாவிடம் கொடுத்தேன். அந்த மூன்றில் பிரகாசமானதைச் சுற்றி மிகப்பெரிய வாயு வளையம் ஒன்று இருக்கிறது, வளையத்தின் ஓரத்தில் புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன, நடுவில் நிற்கும் விண்மீன்தான் வாயுவைத் தள்ளி நெருக்கி அவற்றைப் பிறக்க வைத்தது என்று பலர் கருதுகிறார்கள் என்றேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டோர்ச்சை வயலின் பள்ளப்பக்க வரம்போரம் அடித்தார். அங்கே பயிர் புல்லுப்போல அடர்ந்து நின்றது. மேட்டுப்பக்கம் ஐதாக இருந்தது.

"இஞ்ச பாருங்க மருமகன். விதைச்சு நாலாம் நாள் மழை. தண்ணி விதையை அள்ளிக்கொண்டு வந்து வரம்போரம் விட்டிட்டுது எண்டுதான் பாக்கிறவங்க சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான் நினைச்சன். மறுகா யோசிச்சா, விதைக்கக்குள்ள பொடியன் இந்தப் பக்கம் ரெண்டு கை கூடுதலா வீசினவன். இப்ப சொல்லுங்க, இது தண்ணி கொண்டு வந்ததா, முந்தியே கிடந்ததா?"

வானியலாளர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி இதேதான். பாரிய விண்மீனைச் சுற்றிய அயன் வாயுவின், அதாவது அதன் கதிரால் அணுக்கள் உடைந்த சூடான வாயுவின், ஓரத்தில் குழந்தை விண்மீன்கள் அடர்ந்து நிற்கின்றன. அந்த வாயு தள்ளியதால் அவை பிறந்தனவா, அல்லது பிறக்க இருந்த இடத்தை அந்த வாயு வந்து தொட்டதா? மான்தலை வளையத்தையே எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று அன்றிரவே தோன்றியது. எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்பது என்பதும் அதற்கு ஒரு காரணம். மட்டக்களப்பின் அகலாங்கு வடக்கு 7.7 பாகை. வளையத்தின் நடு விண்மீன் வானத்தின் நடுக்கோட்டிலிருந்து வடக்கே 9.9 பாகையில் இருக்கிறது. ஆகவே அது உச்சம் கடக்கும்போது எங்கள் உச்சியை விட்டு இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விலகி நிற்கும்.

நேர் உச்சியில் நிற்பது என்ன

மூன்று விண்மீன்களில் வடக்கே நிற்பது லாம்டா ஓரியோனிஸ். வெறுங்கண்ணுக்கு அது மங்கலான புள்ளிதான், 3.5 ஒளியளவு (எண் கூடக் கூட மங்கல்). ஆனால் அது ஓ வகை விண்மீன், அதாவது மிகச் சூடான பாரிய வகை. சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின் என்றால் இதன் மேற்பரப்பு 35,000 கெல்வினை ஒட்டியது. நம்மிடமிருந்து சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். கீழே நிற்கும் இரண்டில் ஒன்று, நமக்கு மிக அருகில் தற்செயலாக அதே திசையில் நிற்கும் வேறொரு விண்மீன். இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.

லாம்டாவைச் சுற்றி கொலிண்டர் 69 என்ற விண்மீன் கொத்து இருக்கிறது. வயது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு. அதைச் சுற்றி அயனாக்கப்பட்ட ஐதரசன் வாயு. ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் 1959இல் வெளியிட்ட 313 அயன் பகுதிகளின் பட்டியலில் இதன் எண் 264. அதற்கு வெளியே தூசும் குளிர் வாயுவும் சேர்ந்த ஒரு வளையம். அகலம் ஏறத்தாழ 9 பாகை. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் எவ்வளவு வானம் மறையுமோ அவ்வளவு. உண்மை அகலம் 200 ஒளியாண்டு அளவு. கண்ணுக்கு இது ஒன்றும் தெரியாது. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செய்மதி செந்நிறக்கீழ்க் கதிரில் பார்த்தபோது தூசு வளையம் முழு வட்டமாகத் துலங்கியது.

நமக்கு வேண்டிய இரண்டு முகில்கள், குளிர் வாயுவும் தூசும் அடர்ந்தவை, லாம்டாவைச் சுற்றி உள்ளன. கிழக்கே பார்னார்ட் 35. வடக்கே, சற்று மேற்காகச் சரிந்து, பார்னார்ட் 30. இரண்டும் லாம்டாவிலிருந்து இரண்டரைப் பாகை அளவில், அதாவது ஐந்து முழுநிலாக்களை வரிசையாக வைத்த தூரத்தில் இருக்கின்றன. ஒளியாண்டில் சொன்னால் 55 முதல் 60. இரண்டிலும் இப்போதும் விண்மீன்கள் பிறக்கின்றன.

வாயு எப்படித் தள்ளுகிறது

மாமாவிடம் "தள்ளுகிறது" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அதை விரித்துச் சொல்ல வேண்டும்.

ஐதரசன் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்க 13.6 இலத்திரன் வோல்ற்று சக்தி வேண்டும். 91.2 நனோமீற்றரை விடக் குறுகிய அலைநீளமுள்ள புற ஊதாக் கதிருக்கு அந்தச் சக்தி உண்டு. சூரியனைப் போன்ற விண்மீன் அப்படிப்பட்ட கதிரை மிகக் கொஞ்சமே விடும். ஓ வகை விண்மீன் அள்ளிக் கொட்டும். அதனால் அதைச் சுற்றியுள்ள ஐதரசன் முழுதும் உடைந்து புரோத்தனும் இலத்திரனுமாகிறது. உடைந்தவை மீண்டும் சேரும், கதிர் மீண்டும் உடைக்கும். விண்மீன் விடும் கதிர் எந்தத் தூரத்தில் முழுதும் செலவாகித் தீர்கிறதோ அங்கே எல்லை விழும். இந்தக் கணக்கை 1939இல் போட்டவர் டென்மார்க்கின் பெங்ற் ஸ்ட்ரோம்கிரென்.

கதை அந்த எல்லையோடு முடிந்திருந்தால் விண்மீன் பிறப்பைப் பற்றிப் பேச ஒன்றும் இராது. எல்லைக்கு உள்ளே வெப்பநிலை 10,000 கெல்வினை ஒட்டியது. வெளியே உள்ள மூலக்கூற்று முகில் 10 அல்லது 20 கெல்வின். அடர்த்தி ஒன்றே, வெப்பநிலை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அப்படியென்றால் அமுக்கமும் அந்த அளவில் கூடியது. உள்ளே இருக்கும் வாயு விரியாமல் என்ன செய்யும்? செக்கனுக்கு 10 கிலோமீற்றர் அளவான ஒலிவேகம் கொண்ட அயன் வாயு, 0.2 கிலோமீற்றர் ஒலிவேகமுள்ள குளிர் வாயுவுக்குள் முட்டுகிறது. முன்னால் அதிர்ச்சி அலை ஓடுகிறது. பின்னால் அயனாக்க எல்லை வருகிறது. இரண்டுக்கும் இடையே குளிர் வாயு மெல்லிய படலமாக நெருங்கி அடர்கிறது.

இந்த நெருக்கம் ஏன் முக்கியம் என்றால், முகில் தன் ஈர்ப்பால் தானே சரிய எடுக்கும் காலம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறையும். நூறு மடங்கு நெருக்கினால் பத்து மடங்கு விரைவாகச் சரியும். கன சென்ரிமீற்றருக்கு 100 மூலக்கூறு உள்ள வாயுவுக்கு 30 இலட்சம் ஆண்டுக்கு மேல் வேண்டும். 10,000 இருந்தால் சுமார் 3 இலட்சம் ஆண்டு போதும்.

இதிலிருந்து இரண்டு வழிகள் பேசப்பட்டன. விதைப்புக்கு முன் சேற்றை மட்டம் பிடிக்கப் பலகையை இழுத்தவர்களுக்கு முதல் வழி உடனே புரியும். பலகை போகப் போக முன்னால் சேறு திரளும். ஒரு கட்டத்தில் திரண்டது தன் பாரத்தாலேயே கட்டி கட்டியாக உடையும். விரியும் அயன் வாயுவும் அப்படியே குளிர் வாயுவைத் திரட்டி, திரண்ட படலம் உடைந்து, ஒவ்வொரு கட்டியும் விண்மீனாகலாம். 1977இல் புரூஸ் எல்மெக்ரீனும் சார்ள்ஸ் லாடாவும் முன்வைத்த கருத்து இது. ஒரு தலைமுறைப் பாரிய விண்மீன்கள் அடுத்த தலைமுறையைத் தோற்றுவிக்கும், அது அதற்கடுத்ததை என்று தொடர்ச்சியாக அவர்கள் அதைக் கண்டார்கள்.

இரண்டாவது வழியில் கட்டி முன்பே இருக்கிறது. புற ஊதாக் கதிர் அதன் ஒரு முகத்தைச் சுட்டு ஆவியாக்குகிறது. ஆவியான வாயு வெளியே சீறும்போது எதிர்த்தாக்கம் கட்டியை உள்நோக்கி அமுக்குகிறது. முகம் பிரகாசமான விளிம்பாகவும் பின்புறம் வாலாகவும் நீள்கிறது. நடுவில் நெருங்கிய பகுதி சரிந்து விண்மீனாகலாம். 1989இல் ஃபிராங்க் பெர்டோல்டி இதைக் கணித ரீதியாக விரித்தார்.

முதல் வழியில் விதையை வரம்போரம் சேர்ப்பதே தண்ணீர். இரண்டாவதில் விதை முன்பே கிடந்தது, தண்ணீர் முளைக்க வைத்தது. மாமா கேட்டது எவ்வளவு கூர்மையான கேள்வி என்பது இதை எழுதும்போதுதான் முழுதாக உறைக்கிறது.

ஆம் என்பதற்கு உள்ள சான்று

பார்னார்ட் 35இலிருந்து தொடங்கலாம். படத்தைப் பார்த்தவுடனே கதை சொல்லிவிடும் முகில் அது. லாம்டாவைப் பார்த்த முகம் பிரகாசமான விளிம்பாக ஒளிர்கிறது. உடல் எதிர்த்திசையில் வாலாக நீள்கிறது. விளிம்புக்குச் சற்றுப் பின்னால், முகிலுக்குள், வாயுவைத் தாரையாகப் பீய்ச்சும் குழந்தை விண்மீன் இருக்கிறது. 1991இல் சுகிதானி, ஃபுகுயி, ஒகுரா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள், பிரகாச விளிம்பும் உள்ளே ஐராஸ் கண்ட செந்நிறக்கீழ் மூலமும் கொண்ட 44 முகில்களைப் பட்டியலிட்டார்கள். பார்னார்ட் 35 அதில் 18ஆவது.

அந்த விளிம்புக்கு இன்னும் பின்னால் எஃப்யூ ஓரியோனிஸ் இருக்கிறது. 1936–37இல் இந்த மங்கலான விண்மீன் சில மாதங்களில் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாகி, பிறகு மிக மெதுவாகவே மங்கத் தொடங்கியது. இளம் விண்மீன் தன்னைச் சுற்றிய வட்டிலிலிருந்து திடீரென வாயுவை வாரி விழுங்கும் நிகழ்வுகளுக்கு இன்று அதன் பெயரே வகைப்பெயர். இங்கே விண்மீன்கள் இன்னும் வளர்கின்றன என்பதற்கு இதைவிடப் பச்சையான சான்று வேண்டியதில்லை.

வயது வரிசையும் பொருந்துகிறது. நடுவில் உள்ள கொத்தின் விண்மீன்கள் மூத்தவை. ஓர முகில்களில் இளையவை. நடுவிலிருந்து வெளியே போகப் போக இளமை. எல்மெக்ரீனும் லாடாவும் சொன்ன தொடர்பிறப்புக் கொள்கை எதிர்பார்க்கும் வரிசை இதுதான்.

விளிம்பு இருக்கிறது, வால் இருக்கிறது, வயது வரிசையும் சரியாக இருக்கிறது. இந்த மூன்றோடு நிறுத்தி "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிய கட்டுரைகளை நானே நிறைய வாசித்திருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன்.

இல்லை என்பதற்கு உள்ள சான்று

1990களின் இறுதியில் கிறிஸ்டோபர் டோலனும் ரொபர்ட் மத்தியூவும் இந்தப் பகுதியின் இளம் விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அவர்கள் பிடித்த அடையாளம் இலிதியம். சூரியனளவும் அதற்குக் கீழுமான விண்மீன்களுக்குள் இலிதியம் சில பத்து இலட்சம் கெல்வினில் எரிந்து தீர்ந்துவிடும். நிறமாலையில் இலிதியக் கோடு பலமாக இருந்தால் அது இளையது. முன்னாலும் பின்னாலும் உள்ள பழைய விண்மீன்களிலிருந்து இளையவற்றைப் பிரித்தெடுக்க இதுவே நம்பகமான வழி. இந்தப் பொறுமையான வேலைதான் வழக்கின் போக்கை மாற்றியது.

அவர்கள் கட்டிய வரலாறு இது. இந்த இடத்தில் முதலில் வளையம் இல்லை. அடர்ந்த முகில்கள் ஏறத்தாழ ஒரு வரிசையாக நின்றன. நடுவில் பெரியது, அதன் இரு பக்கங்களில் இன்று பார்னார்ட் 30, 35 என்று அழைப்பவை. பாரிய விண்மீன்கள் நடு முகிலில் பிறந்தன. சிறிய விண்மீன்கள் வரிசை முழுதிலும் பிறந்தன. 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடுவில் ஒரு பாரிய விண்மீன் சுப்பர்நோவாவாக வெடித்தது. நடு முகில் சிதறி வளையமாயிற்று. ஓர முகில்கள் அடிபட்டாலும் தப்பின, பிறப்பும் அங்கே தொடர்ந்தது.

இந்த வரலாற்றில் வயது வரிசைக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. ஓரம் இளமையாகத் தெரிவது ஓரத்தில் பிறப்பு புதிதாகத் தொடங்கியதால் அல்ல. நடுவில் பிறப்பு நின்றுபோனதால். நடுவில் உள்ள விண்மீன்களில் வலுவாக வாயுவை விழுங்குபவை மிகச் சில என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அவற்றின் ஊட்டம் பறிபோய்விட்டது.

2018இல் மரீனா கௌன்கெல் குழு, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் அளவீடுகளையும் நிறமாலை ஆய்வையும் சேர்த்துப் பார்த்தது. லாம்டா தொகுதியின் விண்மீன்கள் மையத்திலிருந்து ஆரமாக வெளியே நகர்வது தெளிவாகத் தெரிந்தது. நகர்வைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வெடிப்பு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததாக வருகிறது. இரண்டு கணக்குகளும் காலத்தில் ஒத்துவரவில்லை. ஆனாலும் நடுமுகில் திடீரென அகன்றதால் கொத்தின் பிடி தளர்ந்தது என்பதில் இரண்டும் ஒரே பக்கம்.

வயல் உவமை உடையும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பயிர் முளைத்த இடத்தில் நிற்கும். விண்மீன் நிற்காது. செக்கனுக்கு 1 கிலோமீற்றர் நகர்ந்தாலே 50 இலட்சம் ஆண்டில் ஏறத்தாழ 17 ஒளியாண்டு போய்விடும். இன்று முகிலோரம் நிற்கும் விண்மீன் முகிலோரம்தான் பிறந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வேறு இடங்கள் சொல்வது

விருச்சிகத்தின் வாலில், மூலத்துக்கு அருகே, ஆர்சிடபிள்யூ 120 என்றொரு குமிழ் இருக்கிறது. தூரம் 4,300 ஒளியாண்டு அளவு. நடுவில் ஒரே ஒரு ஓ வகை விண்மீன், சுற்றி கிட்டத்தட்ட முழு வட்டமான ஓடு. 2010இல் ஹெர்ஷல் தொலைநோக்கி அந்த ஓட்டுக்குள் சூரியனைப் போல் 8 முதல் 10 மடங்கு திணிவுள்ள குழந்தை விண்மீனைக் கண்டது. சேற்றுப் பலகைக் கருத்துக்கு இதை விடப் பொருத்தமான படம் இல்லை என்று எல்லோரும் இதைக் காட்டினார்கள். 2021இல் சோஃபியா விமானத் தொலைநோக்கி அயன் காபனின் கோட்டை அளந்தபோது, ஓடு செக்கனுக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் விரிவதும் குமிழின் வயது 1.5 இலட்சம் ஆண்டுக்கும் குறைவு என்பதும் தெரிந்தது. மேலே போட்ட சரிவுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பரந்து கிடந்த வாயுவைத் திரட்டி, உடைத்து, சரியவைத்து விண்மீனாக்க அந்தக் காலம் மிகக் குறுகியது. முன்பே அடர்ந்திருந்த கட்டிகளை அமுக்கி விரைவுபடுத்தியது என்றால் பொருந்தும். முற்றிய சான்றாகக் காட்டப்பட்ட குமிழும் இரண்டாவது வழிப் பக்கமே சாய்கிறது என்பது என் வாசிப்பு.

ஒன்றிரண்டை வைத்துப் பேசாமல் தொகையாகப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் படங்களில் குமிழ்களைத் தேட 2010இல் தொடங்கிய பொதுமக்கள் திட்டத்தில் 35,000க்கு மேற்பட்டோர் சேர்ந்து 5,106 குமிழ்களைக் குறித்தார்கள். அந்தப் பட்டியலை வைத்து 2012இல் செய்த கணக்கில், நம் பால்வீதியின் பாரிய இளம் விண்மீன்களில் 22 வீதம் அளவு குமிழ்களின் விரிவால் பிறந்திருக்கலாம் என்று வந்தது. கவனிக்க வேண்டிய சொல் "இருக்கலாம்". அந்த எண் குமிழோரம் எத்தனை நிற்கின்றன என்பதிலிருந்து வருவது. மாமாவின் கேள்விக்கு எண்ணிக்கை மட்டும் பதில் சொல்லாது.

கழுகு நெபுலாவின் தூண்களில் 1995இல் ஹபிள் காட்டிய சிறு வாயு முட்டைகளில் 73ஐ 2002இல் செந்நிறக்கீழ்க் கதிரில் ஆராய்ந்தார்கள். 11இல் மட்டுமே இளம் விண்மீனின் தடயம் இருந்தது. அதே கதிர் முட்டைகளை ஆவியாக்கிக்கொண்டும் இருக்கிறது. வரம்போரம் விதை சேர்க்கும் வெள்ளம்தான் மேட்டுப் பயிரை அடித்துக்கொண்டும் போகிறது.

விண்மீன் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால்

வானத்தைப் பின்னோக்கிச் சுழற்றி லாம்டாவை எடுத்துவிட்டு மீண்டும் ஓடவிட முடியாது. கணினியில் முடியும். ஒரே முகிலை இருமுறை ஓட்டலாம், ஒருமுறை கதிரோடு, ஒருமுறை கதிர் இல்லாமல். இரண்டாவது ஓட்டத்திலும் அதே வாயுவிலிருந்து பிறக்கும் விண்மீன் தூண்டப்பட்டது அல்ல. முதல் ஓட்டத்தில் மட்டும் பிறப்பது தூண்டப்பட்டது. டேல், ஹாவர்த், பிரெஸ்ஸர்ட் ஆகிய மூவர் 2015இல் இப்படி ஓட்டிப் பார்த்து, வானியலாளர் வழக்கமாக நம்பும் அடையாளங்களைச் சோதித்தார்கள். ஓட்டுக்கு அருகே நிற்பது, தூணுக்கு அருகே நிற்பது, வயது வரிசை, எதையும் தனியாக நம்ப முடியாது என்பது அவர்களின் முடிவு. தூண்டப்பட்டவையும் தானாகப் பிறந்தவையும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. இதே வகையான முந்தைய கணிப்புகளில், சில விண்மீன்கள் கூடுதலாகப் பிறந்தாலும் மொத்தத்தில் அயன் வாயு விண்மீன் பிறப்பைக் குறைத்தது.

இவற்றை வைத்து மான்தலைக்கு என் தீர்ப்பைச் சொல்கிறேன். நடுக்கொத்து இருக்கும் இடத்தில் பாரிய விண்மீன்கள் பிறப்பை நிறுத்தின. வளையம் திரண்டு உடைந்து இரண்டு முகில்களைத் தந்தது என்ற கதையை நான் ஏற்கவில்லை. முகில்கள் முன்பே நின்றன. பார்னார்ட் 35இன் விளிம்பில் மட்டும், அமுக்கம் உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. அங்கே பிறந்தவற்றில் சில, லாம்டா இல்லாவிட்டால் இன்னும் பிறந்திருக்க மாட்டா. சில எப்படியும் பிறந்திருக்கும். சும்மா "தூண்டியது" என்று எழுதுவதை விட "விரைவுபடுத்தியது" என்று எழுதுவது உண்மைக்குக் கிட்ட நிற்கும்.

நீங்களும் பார்க்க விரும்பினால் மாசி மாதம் நல்லது. மழை விட்டிருக்கும், இரவு 8 மணியளவிலேயே மான்தலை உச்சிக்கு வந்துவிடும். மார்கழித் திருவாதிரையன்று மட்டும் முயல வேண்டாம். முழுநிலா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். சாதாரண பைனாகுலரில் கொத்து அழகாகத் தெரியும்.

அன்று விடிந்ததும் மாமா என்னை அடுத்த துண்டு வயலுக்குக் கூட்டிப் போனார். அதே சரிவு, அதே நாள் விதைப்பு, அதே மழை. ஆனால் அதை விதைத்தது மாமாவே. ஒரே அளவாக வீசியது நன்றாக நினைவிருக்கிறது என்றார். பள்ளப்பக்க வரம்போரம் குந்தி இருந்து பார்த்தோம். முதல் வயல் அளவுக்கு அடர்த்தி இல்லை. ஆனாலும் நடுவயலை விடக் கூடத்தான் நின்றது. "அப்ப ரெண்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு, மிதந்து வந்த பயிரைப் பிடுங்கி மேட்டில் நடத் தொடங்கினார்.